எலி விழுந்த வீடு

மன்னன் ஒருவன் மாண்டால் வரலாற்று ஏட்டிலே அவனுக்கு ஒரு பக்கம். அவன் ஏறிய பரிக்கு ஒரு பத்தி. அவன் எழுப்பிய மாளிகைக்கு ஒரு படம். மக்கள் மாண்டால்? ஒரு வரி! அந்த வரியிலும் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும்.

1896-ஆம் ஆண்டு பம்பாயிலே கால் வைத்த பிளேக் நோய், அடுத்த கால் நூற்றாண்டுக்குள் இந்தியத் துணைக்கண்டத்திலே ஏறத்தாழ ஒரு கோடி உயிர்களைக் குடித்தது. பெரும் போரிலே மடிவோரைப் போன்ற தொகை! ஆனால் பள்ளியிலே நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். புனா நகரிலே ராண்டு என்ற வெள்ளை அதிகாரி சுடப்பட்டது இருக்கும். சுட்டவர் பெயர் இருக்கும். திலகர் சிறை சென்றது இருக்கும். நோய் இருக்கிறதா? இருக்கிறது, அந்தக் கொலைக்குக் காரணம் கூறும் துணுக்காக, ஒரு மூலையிலே. நோயுற்றவன் இருக்கிறானா? இல்லை. அவன் என்ன கண்டான், என்ன எண்ணினான், ஏன் அவ்வாறு எண்ணினான் என்று கேட்பார் இல்லை. நாம் கேட்போம்.

மாண்டவித் தெருக்களிலே

பம்பாய்த் துறைமுகத்தை அடுத்திருந்தது மாண்டவி. தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. கிடங்குகளின் மேலும், பின்னும், இடுக்கிலும், மூட்டை தூக்குவோரும் வண்டி இழுப்போரும் குடியிருந்தனர். காற்று நுழையாத அறைகள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பமல்ல, பல குடும்பங்கள். 1894-இலே ஹாங்காங்கைச் சூறையாடிய நோய், கப்பலேறி அங்கு வந்து இறங்கிற்று. கோவாவைச் சார்ந்த மருத்துவர் அகாசியோ வியேகாஸ் என்பார், 1896 செப்டம்பரிலே நோயாளிகளைக் கண்டு, இது பிளேக் என்று துணிந்து உரைத்தார். கடும் காய்ச்சல், தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறிகட்டி, பிதற்றல், சில நாட்களிலே சாவு. பிளேக் என்று ஒப்புக்கொண்டால் வாணிபம் கெடும். வெளிநாட்டார் நமது கப்பலை விலக்குவர். ஆகவே அந்தச் சொல்லை உச்சரிக்கவே தயங்கினர் பெரிய இடத்தார்.

மாண்டவிக் கூலிக்காரனோ வேறொன்றைக் கண்டான். கிடங்கிலே எலிகள் சாகின்றன! பட்டப்பகலிலே வளையை விட்டு வெளியே வந்து, குடிகாரனைப்போலத் தள்ளாடி, காலடியிலே விழுந்து சாகின்றன. எலி விழுந்த வீட்டிலே பின்னர் ஆள் விழுகிறான். இது அவன் ஏட்டிலே படித்ததன்று, கண்ணாலே கண்டது. இமயத்துச் சரிவிலே, கார்வால் குமாவோன் பகுதிகளிலே வாழ்ந்த மலைமக்கள், எலி செத்தால் ஊரைக் காலி செய்துவிட்டு மேட்டிலே குடிசை போட்டுத் தங்கும் வழக்கத்தை அதற்கு முன்பே கொண்டிருந்தனர். படிப்பில்லாத மக்கள்தான், எனினும் பட்டறிவு இருந்தது.

பம்பாய் மக்களும் ஓடினர். 1897 தொடக்கத்திற்குள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரிலே ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர். இரயிலிலே இடம் பிடித்தோர் சிலர். படகிலே சென்றோர் சிலர். நடந்தே சென்றோர் பலர். கோழைகள் என்றனர் ஆலை முதலாளிகள். தறிகள் நின்றன அல்லவா, கோபம் வராதா! நின்ற தறியை ஓட்ட அந்த முதலாளிகள் தெருமுனைக்கு வந்தனர். எஞ்சியிருந்த தொழிலாளியைப் போட்டியிட்டு ஏலம் கூறி அழைத்தனர். திங்கள் முழுவதும் உழைத்துப் பின்னும் பல நாட்கள் காத்திருந்து கூலி பெற்றுவந்தவனுக்கு, அன்றாடம் மாலையிலேயே கூலி கொடுக்க இசைந்தனர். அதுநாள் வரை முடியாது என்று கூறப்பட்டது, ஆள் கிடைக்காத ஒரே பருவத்திலே முடிந்துவிட்டது!

சர்க்கார் கண்ட மருந்து

மக்கள் எலியைக் கண்டனர்; சர்க்கார் எதைக் கண்டது? அழுக்கைக் கண்டது. நோய் மண்ணிலே இருக்கிறது, சாக்கடையிலே இருக்கிறது, ஏழையின் உடலிலும் உடையிலும் இருக்கிறது என்று முடிவு கட்டிற்று. சாக்கடைகளிலே கடல் நீரும் கார்பாலிக் அமிலமும் கொட்டப்பட்டன. சுவர்களிலே சுண்ணாம்பு. கூரையின் ஓடுகள் பிரிக்கப்பட்டன, வெயில் உள்ளே விழட்டும் என்று. கந்தல் படுக்கைகள் தெருவிலே கொளுத்தப்பட்டன. மனிதர் வாழத் தகுதியற்றது என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துக்கள் வீட்டுச் சுவரிலே தீட்டப்பட்டன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் அந்த வீட்டுக்காரன்! வேறு வீடு எங்கே என்று அவன் கேட்டால், அதற்கு எழுத்தும் இல்லை, விடையும் இல்லை. சாக்கடையிலே அமிலம் ஊற்ற ஊற்ற, அங்கிருந்த எலிகள் அடுத்த தெருவுக்கு ஓடின. நோயையும் உடன் எடுத்துச் சென்றன.

1896 அக்டோபரிலே, நோய் கண்டவரை வலுவிலே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாம் என்று நகராட்சி ஆணையிட்டது. ஆர்தர் சாலையிலே தொற்றுநோய் மருத்துவமனை. எளியவன் கண்ணிலே அது எப்படிப்பட்டது? உள்ளே சென்றவர் பெரும்பாலும் திரும்பவில்லை. மருந்தில்லாத நோய், அதிலும் சாகும் தறுவாயிலே கொண்டுபோகப்பட்டவர்கள், எப்படித் திரும்புவர்? ஆனால் வெளியே நிற்கும் மனைவிக்கு அந்தக் கணக்கு யார் கூறினர்? அவள் கண்டதெல்லாம், கணவனை நால்வர் தூக்கிச் சென்றதும், மறுநாள் அவன் பிணமானதும்தான்.

ஆகவே வதந்தி பிறந்தது. உள்ளே உடலை அறுக்கின்றனர் என்றனர். உடலிலிருந்து எண்ணெய் வடித்து மருந்து செய்கின்றனர் என்றனர். அந்த அக்டோபரிலேதான் பம்பாயிலிருந்த விக்டோரியா அரசியின் சிலைக்கு யாரோ தார் பூசிச் செருப்பு மாலை அணிவித்திருந்தனர். அதற்குப் பழிவாங்க அரசி நம் மக்களின் உடலுறுப்புகளைக் கேட்கிறாள் என்றுகூடப் பேசினர். அக்டோபர் 29-ஆம் நாள், ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டு சென்று அந்த மருத்துவமனையைத் தாக்கினர்.

மறுநாளே சர்க்கார் தன் ஆணையைத் தளர்த்திற்று. மக்களின் மனப்புண்ணைக் கண்டு மனமிரங்கியா? முழுக்காரணம் அதுவன்று. நகரத்து மலத்தையும் குப்பையையும் அள்ளிய தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் அஞ்சி ஓடிவிட்டால் பம்பாயிலே எவரும் குடியிருக்க முடியாது என்ற கவலை, நகராட்சி ஆணையரை வாட்டிற்று. எவன் நிழல் பட்டால் தீட்டு என்றார்களோ, அவன் ஓடிவிடுவானோ என்று ஒரு பெருநகரமே நடுங்கிற்று! அவன் கையிலே இருந்த ஆற்றலை அவனே அறியாத காலம் அது.

மடமை யாருடையது?

இந்த வதந்திகளைக் கேட்டு வெள்ளையர் நகைத்தனர். கீழ்நாட்டு மடமை என்றனர். நாமும் அவர்களோடு சேர்ந்து நகைப்பதா? நகைப்பதற்கு முன்பு, 1832-ஆம் ஆண்டின் லிவர்பூல் நகரத்தைச் சற்றே நோக்குவோம். அங்கே பரவியது வாந்திபேதி. ஆங்கில நாட்டு எளிய மக்கள், மருத்துவமனைக்கு நோயாளியைத் தூக்கிச் சென்றோர் மீது கல்லெறிந்தனர், கதவுகளை உடைத்தனர். என்ன கூறி? உள்ளே கொன்று உடலை அறுக்கின்றனர் என்று கூறித்தான்! அரபிக் கடலோரத்து ஆலைத் தொழிலாளி கூறிய அதே சொல், அறுபத்து நான்கு ஆண்டுகட்கு முன்னரே ஆங்கிலேயன் வாயிலே ஒலித்திருக்கிறது.

அந்த அச்சம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1828-இலே எடின்பரோ நகரிலே பர்க், ஹேர் என்ற இருவர், ஆதரவற்றவர்களைக் கொன்று உடல்களை உடற்கூற்று ஆசிரியருக்கு விற்றது வெளிச்சமாயிற்று. கொலையுண்டோர் பதினாறு பேர். லிவர்பூலிலே கலகம் நடந்த அதே 1832-இலேதான், ஏழையர் விடுதியிலே மாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களை அறுவைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. சீமான் உடல் கல்லறைக்கு. ஏழை உடல் கத்திக்கு! ஏழை அஞ்சினான். அவன் கூறிய கதை பொய். அந்தக் கதையை ஈன்ற காயமோ மெய்.

பம்பாயிலும் அப்படித்தான். வாழும்போது தன்னை ஏறெடுத்தும் பாராத அரசு, நோய் வந்ததும் திடீரென்று வீடு தேடி வருகிறது, கையைப் பிடிக்கிறது, தூக்கிச் செல்கிறது. இத்தனை நாள் இல்லாத அக்கறை இன்று ஏன் என்று ஐயுறுவது மடமையா? ஐயத்திற்கு அவன் கண்டுபிடித்த விடை தவறு. கேள்வி தவறன்று.

சட்டமும் சிப்பாயும்

ஐயத்தை அறிவு கொண்டு தீர்த்திருக்கலாம். ஆட்சியாளர் சட்டம் கொண்டு தீர்க்க முனைந்தனர். பம்பாய்க் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்கள் விலக்கிவிடும் என்ற அச்சுறுத்தல் வேறு. 1897 பிப்ரவரி 4-ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள்! முதற்பிரிவு சட்டத்தின் பெயர். இரண்டாவது, அரசு எதை வேண்டுமானாலும் ஆணையிடலாம் என்பது. மூன்றாவது, மீறியவனுக்குத் தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கருதப்படும் எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்பது. நோயாளிக்குச் சோறு யார் போடுவது, எரித்த படுக்கைக்கு ஈடு என்ன, மூடிய வீட்டுக்காரன் எங்கே உறங்குவது — இவற்றிற்கு ஐந்தாவது பிரிவு எழுத எவருக்கும் தோன்றவில்லை.

புனாவிலே ராண்டு தலைமையிலே வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தனர். அடுப்பங்கரை வரை சென்றனர். நெறிகட்டி உண்டா என்று பார்க்க, ஆண் பெண் என்று பாராமல் ஆடை விலக்கச் சொன்னதாக மக்கள் முறையிட்டனர். பொருள்கள் வீதியிலே எறியப்பட்டன. 1897 சூன் 22-ஆம் நாள் இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். உடன் வந்த அயர்ஸ்டு என்ற அதிகாரி அப்போதே மாண்டார். ராண்டு சூலையிலே மாண்டார். சாபேகர்கள் தூக்கு மேடை ஏறினர். பாடநூல் இதைத்தான் கூறுகிறது. சீர்திருத்தம் பேசியோரையும் வெறுத்த வைதீக உள்ளம் அவர்களுடையது என்பதைக் கூறுவதில்லை.

1898 மார்ச்சு 9-ஆம் நாள் பம்பாயிலே மீண்டும் கலகம். முஸ்லிம் நெசவாளர் வாழ்ந்த பகுதிக்கு, நோயுற்ற ஒரு சிறுமியை எடுத்துச் செல்ல அதிகாரிகள் வந்தனர். நெசவாளர் தடுத்தனர். துப்பாக்கி பேசிற்று, உயிர்கள் வீழ்ந்தன. அதன் பின்னரே சர்க்காருக்குப் புத்தி தெளியத் தொடங்கிற்று. சிப்பாயை விலக்கி, வட்டாரத்திலே மதிப்புப் பெற்றோரையும் நாட்டு மருத்துவரையும் துணைக்கு அழைத்தனர்.

துணைக்கு வந்தோர் என்ன கேட்டனர்? சாதிக்கொரு மருத்துவமனை! மதத்திற்கொரு மருத்துவமனை! அரசும் இசைந்தது. எலியின் கண்ணுக்கு எல்லா உடலும் ஒன்றாகத் தோன்றிய வேளையிலே, மனிதன் கண்ணுக்கு மட்டும் படுக்கையிலும் சாதி தெரிந்தது. அடுத்த கட்டிலிலே கிடப்பவன் எக்குலத்தான் என்று அறியாமல் மருந்து உண்பதைவிட மாள்வதே மேல் என்று கருதியோர் இருந்தனர். ஏழையின் அச்சத்தைப் புரிந்துகொள்ளச் சொல்லும் நாம், இந்த ஆணவத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

முண்ட்வா சேரியிலே

அதே புனா. அதே 1897. அதே பிளேக். பாடநூல் கூறாத ஒருவரை அங்கே காண்கிறோம்.

சாவித்திரிபாய் புலே. 1848-இலே, பெண் படித்தால் உலகம் அழியும் என்று வைதீகம் உறுமிய நாளிலே, கணவர் ஜோதிராவ் புலேயுடன் சேர்ந்து புனாவிலே பெண்களுக்குப் பள்ளி திறந்து ஆசிரியையாக நின்றவர். பள்ளிக்கு நடந்து செல்கையிலே சாணியும் கல்லும் எறியப்பட்டவர். பிளேக் வந்தபோது அவருக்கு அகவை அறுபத்தாறு. கணவர் மறைந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். புனாவை அடுத்த ஹடப்சரிலே, ஊருக்கு வெளியே, நோயாளிகளுக்கு மருத்துவமனை ஒன்று அமைத்தனர்.

முண்ட்வா சிற்றூரின் மகர் சேரியிலே ஒரு சிறுவனுக்கு நோய் கண்டது. சாவித்திரிபாய் ஆணை அனுப்பவில்லை, ஆள் அனுப்பவில்லை. தாமே சென்றார். தீண்டாதவன் என்று ஊர் ஒதுக்கிய சிறுவனை, தீண்டக்கூடாத நோய் என்று உறவும் ஒதுங்கிய வேளையிலே, தம் தோளிலே சுமந்து மருத்துவமனை சேர்த்தார். சிறுவன் பிழைத்தான் என்பர். நோய் அவரைப் பற்றிற்று. 1897 மார்ச்சு 10-ஆம் நாள் சாவித்திரிபாய் மறைந்தார். ராண்டின் சிப்பாய்கள் புனா வீடுகளிலே நுழைந்ததும் அந்த மார்ச்சிலேதான்.

நோயாளியைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது ராண்டின் ஆணை. சாவித்திரிபாய் செய்ததும் அதுவே! சேரிச் சிறுவனை வீட்டைவிட்டு எடுத்துத்தான் சென்றார். அங்கே கல் விழவில்லை. முன்னரே அந்தச் சேரிக்குப் பள்ளியோடு வந்த கை, பஞ்சத்திலே சோற்றோடு வந்த கை, இன்று நோயாளியைத் தூக்கிற்று. நம்பிக்கை என்பது நோய் வந்த அன்று ஊசியிலே ஏற்றப்படும் மருந்தன்று. அது அரை நூற்றாண்டாக விளைந்த பயிர்.

எலி சொன்ன உண்மை

விஞ்ஞானம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? 1894-இலேயே ஹாங்காங்கிலே எர்சின் என்பார் பிளேக் கிருமியைக் கண்டிருந்தார். வால்டிமர் ஹாப்கின், ஒடெசாவிலே பிறந்த யூதர், பம்பாயிலே ஒரு சிறு ஆய்வறையிலே தடுப்பூசி உருவாக்கி, 1897 சனவரி 10-ஆம் நாள் தம் உடலிலேயே முதலிலே போட்டுக்கொண்டார். அஞ்சிய தம் மக்களுக்குத் துணிவு ஊட்ட, இருபது வயது இளைஞரான ஆகாகான், அனைவரும் காணத் தாம் ஊசி போட்டுக்கொண்டார். சிப்பாயால் முடியாததை இத்தகைய செயல் செய்தது.

எனினும் நோய் எவ்வழியே பரவுகிறது என்பது புதிராகவே இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் அந்தப் புதிரை அணுகியது எங்ஙனம்? மக்கள் கூறியதைக் கேட்டார்! ஓர் ஆலையிலே காலையிலே எலிகள் செத்துக் கிடந்தன. அவற்றை அகற்றிய தொழிலாளர் சில நாட்களிலே நோயுற்றனர். இதனைக் குறித்துக்கொண்டார். நோயாளியின் காலிலே சிறு கொப்புளம் ஒன்றைக் கண்டு, பூச்சி கடித்த இடமாகுமோ என்று எண்ணினார். 1898 சூனிலே கராச்சியிலே சோதனை செய்து, எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டு செல்கிறது என்று கண்டார். எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு நீங்கி, அடுத்த உடலைத் தேடுகிறது. எலி விழுந்தால் வீட்டை விட்டு ஓடு என்ற மலைமக்களின் வழக்கத்திற்குக் காரணம் கிடைத்துவிட்டது!

அறிஞர் அவை ஆர்ப்பரித்து வரவேற்றதா? இல்லை. சர்க்கார் அமைத்த பிளேக் ஆணையம் அதை நம்பத்தக்கதன்று என்று ஒதுக்கிற்று. 1905-க்குப் பின் பம்பாயிலே நடந்த ஆய்வுகள் ஐயமற மெய்ப்பித்த பிறகே உலகம் ஏற்றது. மாண்டவிக் கூலிக்காரன் காலடியிலே கிடந்த உண்மை, ஆணையங்களின் மேசைக்கு ஏறப் பத்தாண்டுகளாயின. இடையிலே மடிந்தோர் பல இலட்சம்.

மக்கள் கண்டதெல்லாம் சரி என்றும் நாம் கூறவில்லை. எலி சாவதைக் கண்ட அதே கண்கள், நோயிலே தெய்வத்தின் சினத்தையும் கண்டன. பிளேக் நம் பக்கம் பரவியபோது, கோவையிலே 'பிளேக் மாரியம்மன்' தோன்றினாள். அக்கோயில்கள் இன்றும் உள்ளன. ஆங்கில நோய்க்குத் தமிழ்த் தாய்! மருத்துவர் வராத தெருவுக்கு மாரியம்மனாவது வந்தாளே என்று மக்கள் ஆறுதல் கொண்டிருப்பர். அந்த ஆறுதலால் ஓர் எலியும் ஓடவில்லை. ஒரு தெள்ளும் சாகவில்லை. மருந்து வராத வெற்றிடத்திலேதான் மந்திரம் குடியேறுகிறது. மந்திரத்தை விரட்ட வேண்டுமானால் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும்.

நம் கடன்

இவையெல்லாம் பழங்கதை என்று ஏட்டை மூடிவிட முடியுமா? 2020 மார்ச்சிலே கொரோனா பரவியபோது மாநிலங்கள் கையிலெடுத்தது அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம். நாடு அடைக்கப்பட்டது, கூலி மக்கள் மூட்டையும் பிள்ளையும் சுமந்து நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தனர், பம்பாயை விட்டு நடந்த அவர்தம் முன்னோர் போலவே. தட்டுகள் தட்டப்பட்டன, விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒரு மதத்தார் மீது நோய்ப்பழி சுமத்தப்பட்டது. அந்த ஏப்ரலிலே சென்னையிலே, நோய்க்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தோரும் உண்டு. அங்கே கல்லெறிந்தவர் எழுத்தறியாதவர் என்று கூற முடியுமா? எட்டாம் வகுப்புப் பாடத்திலே கிருமி பற்றிப் படித்தோர் வாழும் நகரமல்லவா அது!

ஆகவே தோழர்களே, பகுத்தறிவுப் பணி இங்கே இரட்டிப்பாகிறது. மூடநம்பிக்கையைச் சாடுகிறோம், சாடத்தான் வேண்டும். ஆனால் அஞ்சி நிற்பவனை மூடன் என்று ஏசிவிட்டு மேடையை விட்டு இறங்கினால், வெள்ளை அதிகாரி செய்ததற்கும் நாம் செய்வதற்கும் வேற்றுமை என்ன? அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்போம். அவன் கண்டதை நம்மிடம் கூறச் செய்வோம். அதிலே உண்மை இருந்தால் எடுத்துக்கொள்வோம். பொய் இருந்தால், ஏன் பொய் என்பதை அவன் மொழியிலே, அவன் திண்ணையிலே அமர்ந்து விளக்குவோம்.

அதற்கு நோய் வரும் வரை காத்திருத்தல் ஆகாது. நம் ஊர்ச் சேரியிலே இரவுப் பள்ளி நடக்கிறதா? அங்குள்ளோர்க்கு நல்ல குடிநீர் உண்டா? ஊர் மருத்துவமனையிலே அவர்கட்கு மரியாதை கிடைக்கிறதா? இன்றே கேட்போம். இன்று அந்தத் தெருவுக்குச் செல்லாதவன், நாளை கொள்ளைநோய் வந்த அன்று ஊசியோடு சென்றால், அவன் முகத்திலே கதவு அறையப்படும். அறைந்தவனைக் குறை கூறிப் பயனில்லை.